சாட்சி சொல்ல ஏலாது

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுகள் முடிந்ததும் போதகர், “சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்” என்பார். எழும்புவதற்கு ஆள் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் சுகமாகியிருக்கும். இன்னொருவருக்குக் கொழும்புக்குப் போக ஆமியிடம் பாஸ் கிடைத்திருக்கும். தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர், தொலைந்த சைக்கிள் திரும்பக் கிடைத்த கதையை வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். போகப்போக சைக்கிள் கிடைத்த இடமே மாறிவிட்டது. ஆண்டவர் செய்த நன்மையை எல்லோருக்கும் முன்னால் எடுத்துச் சொல்வதுதான் எங்கள் பாஷையில் சாட்சி. கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, திருகோணமலை நகரத்திலேயே வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருப்பது மறந்தே போயிருந்தது.

அதை நினைவுபடுத்தியவள் கிளிவெட்டிக்கும் அப்பால் ஒரு ஊரில் இருந்த பெண். அந்த ஊரில் நாலு குடும்பம் புதிதாக வேதத்துக்கு, அதாவது எங்கள் மதத்துக்கு, வந்திருந்தது. அவர்கள் ஜெபம் பண்ணுவதற்காக அவளுடைய வீட்டு வளவில் போட்டிருந்த ஓலைக் கொட்டிலை யாரோ கொளுத்திவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் சபைக்கு வந்தது. போதகர் உடனே ஊழியப் பயணம் போகவேண்டும் என்றார். அவர்களைத் திடப்படுத்த வேண்டுமாம். போதகர், அவருடைய மனைவி, நான் என்று மூன்று பேர் புறப்பட்டோம். நான் ஓய்வுநாள் பள்ளி ரீச்சர். பாட்டும் எனக்குத்தான் பொறுப்பு. கஞ்சிரா ஒன்றையும் கொண்டுபோனேன்.

அப்போது சண்டை ஓய்ந்திருந்தது என்று சொல்வார்கள். ஓய்ந்தது என்றால் சத்தம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். லோஞ்சுப் படகில் ஏறுவதற்கு முன்னால் இறங்குதுறையில் நேவிக்காரர்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கஞ்சிராவை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான். சலங்கைகள் குலுங்கியதும் வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். ஆனாலும் சலங்கைகளைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும் என்றான். அது முடிந்து, குடாவைக் கடந்து மூதூர், அங்கிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து வயல் வரம்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கால் வலியும் வயிற்றுப் பசியும் சேர்ந்து நல்ல எரிச்சல்.

அந்தப் பெண்ணை அக்கா என்றே கூப்பிட்டேன். என்னிலும் ஐந்தாறு வயது கூட இருக்கும். மெலிந்த தேகம், உரத்த குரல். அவளுடைய புருஷன் வயல்காரர். ஒரு வார்த்தைக்கு அரை வார்த்தை பேசுகிற மனிதர். வேலிக்கு அந்தப்பக்கம் புருஷனுடைய தம்பியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு நடுவில் இருந்தது. இவர்கள் வேதத்துக்கு வந்த பிறகு அந்தத் தம்பி புதிதாக ஒரு வேலி அடைத்திருந்தார். வேலி நேராக வந்து, கிணற்றடியில் மட்டும் இந்தப்பக்கம் வளைந்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் நேராகியிருந்தது. அதைப் பார்த்தால் ஆருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

தம்பியின் பக்கத்துக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுடைய குடும்பக் கோயிலில் வருஷப் பூசைக்குக் கும்பம் எடுத்து வருவது மூத்த அண்ணனின் பொறுப்பு. அண்ணன் வேதத்துக்கு வந்ததும் கும்பம் எடுக்க ஆளில்லை. அடுத்த போகம் மழை பொய்த்தது. தம்பி இரண்டையும் முடிச்சுப் போட்டார். போதாக்குறைக்கு, எங்களைப் போல டவுனிலிருந்து வந்த யாரோ சிலர் அந்தக் கோயில் வாசலில் நின்றே துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருந்த வசனங்களை என் வீட்டு வாசலில் நின்று யாரும் வாசித்திருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் கிணற்றை மறித்தது, நெற்சூடு மிதிக்க வந்த மெசினைத் திருப்பி அனுப்பியது, வேதத்துக்கு வந்த ஒரு வீட்டுக் குழந்தை செத்தபோது ஊர்ச் சுடலையில் இடம் இல்லை என்றது, கடைசியில் கொட்டிலுக்கு நெருப்பு வைத்தது, இதெல்லாம் வேறு கணக்கு.

நெருப்பு வைத்தது அந்தத் தம்பிதான். ஊர் முழுக்கத் தெரியும். வாய் திறந்து ஒருவரும் சொல்லவில்லை.

கொட்டிலின் கரிந்த மரக் கப்புகள் நின்ற இடத்திலேயே பாய் விரித்து அன்று பின்னேரம் கூட்டம் வைத்தோம். நான் கஞ்சிராவை எடுத்தேன். யாரும் கை தட்டவில்லை. வாய் மட்டும் அசைந்தது. இவர்கள் இப்படித்தான், வெளியே கேட்காமல், பாடப் பழகியிருக்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. கஞ்சிராவை மெல்லப் பைக்குள் வைத்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் தம்பி விறகு கொத்திக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டுக்கு அதுதான் தாளம்.

போதகர் ஜெபித்துவிட்டு, முகம் மலர, “இப்ப எங்கட சகோதரி சாட்சி சொல்லுவா” என்றார். “பயப்பிடாமச் சொல்லுங்கோ. என்ன நடந்தது, ஆண்டவர் எப்பிடிக் காப்பாத்தினவர், ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ.”

கோடாலிச் சத்தம் நின்றது.

அக்கா எழும்பி நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “நான் சாட்சி சொல்ல ஏலாது ஐயா.”

“ஏன் அம்மா?”

“ஏலாது எண்டா ஏலாதுதான். இவரிட்டையும் சொல்லிப்போட்டன். நீங்கள் எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறியள், உங்களுக்குச் சோறு தாறன், பாய் தாறன். சாட்சி மட்டும் கேளாதேங்கோ.”

உட்கார்ந்துவிட்டாள். மற்றக் குடும்பங்கள் பாயின் ஓலையை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தன. போதகர் கொஞ்சம் தடுமாறி, இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். சேவல் கூவுகிற இடத்தில் குரலை உயர்த்தினார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு, கஞ்சிராவைப் பிரித்துக் காட்டி வந்திருக்கிறோம், ஆண்டவருடைய பெயரைச் சொல்ல இவளுக்கு இப்படியொரு பயமா என்று மனதுக்குள் பொரிந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் கோடாலி மறுபடியும் தொடங்கவே இல்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

காலையில் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் புறப்பட்டபோது நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கிணறு இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக் குழாய்க்கிணறுதான். ஆமியின் சென்றிக் காவலரணைத் தாண்டிப் போகவேண்டும். போகும்போது சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“அக்கா, ஆண்டவரைப் பற்றிச் சொல்லுறதுக்கு என்ன வெக்கம்?”

“ஆர் வெக்கப்பட்டது?”

“நேற்று ஐயா சாட்சி சொல்லச் சொல்லேக்க...”

அவள் நின்றாள். “சாட்சி எண்டா பொலிசில சொல்லுறதுதானே? ஆர் கொளுத்தினது எண்டு.”

“ஐயோ அக்கா! ஆண்டவர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லுறதுதான் சாட்சி.”

“அதுக்குப் பேர் சாட்சியோ?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அது கதையெல்லோ. ஆண்டவர்ர கதை எண்டா விடிய விடியச் சொல்லுவன். நீங்கள் ஏன் அதுக்குப் பொலிசு, கோட்டுப் பேரை வைச்சிருக்கிறியள்?”

நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். சென்றியில் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. குழாய்க்கிணற்றடியில் நான் கைபிடியை அமத்த, அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், கூடப்பிறந்தவன். வரம்புச் சண்டை ஒன்றில் அயலில் ஒருவன் கோபத்தில் அவனுடைய பெயரை இயக்கத்து ஆள் என்று பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த நாட்களில் பொலிசுக்குப் போன பெயர் பொலிசோடு நிற்காது, ஆமி முகாமுக்குப் போகும். முகாமிலிருந்து எங்கே போனது என்று கேட்ட தாய்மார் அரசாங்கக் கச்சேரி வாசலில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய தாயும் நின்றாள். அவன் வரவில்லை. பெயர் கொடுத்தவனை ஒருநாளைக்கு வெட்டுவது என்று நினைத்துக்கொண்டு திரிந்தபோதுதான் மூதூரில் யாரோ அவளை ஜெபத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

“போன முதல் நாளே பரமண்டல ஜெபம் பழக்கினவை,” என்றாள். “அதில நாங்கள் மற்றவையை மன்னிக்கிற இடம் ஒண்டு வருமெல்லோ. அந்த இடம் வந்தா நான் வாயை மூடிருவன்.”

“ஏன்?”

“பொய்யா இருக்கும். நான் மன்னிக்கேல்லைத்தானே. கடவுளிட்டப் பொய் சொல்லப் பயமா இருந்தது. கனநாள் அப்பிடித்தான். எல்லாரும் சொல்லுவினம், நான் அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நிப்பன். பிறகு ஒருநாள் சொல்ல வந்தது. இப்பவும் எல்லா நாளும் வராது, தங்கச்சி. கொட்டிலைக் கொளுத்தின கிழமை வரவே இல்லை.”

அந்த ஜெபத்தை நான் பேசத் தொடங்கிய வயதிலிருந்து தினமும் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட எந்த வரியிலும் வாய் மூடியதில்லை. சோறு வேகிற நேரத்தில், தலை சீவுகிற நேரத்தில், கடகடவென்று சொல்லி ஆமென் போட்டிருக்கிறேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டிவிட்டது.

“இவர்ர தம்பிக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்,” என்றாள் வரும் வழியில். “நான் பேரைச் சொன்னா ஒரு ஓலைக் கொட்டிலுக்காக அவனை ஏத்திக்கொண்டு போவாங்கள். பிறகு என்ர அம்மா நிண்ட இடத்தில அவன்ர பெஞ்சாதி நிக்கோணும். என்னால ஏலாது.”

வீட்டுக்கு வந்ததும் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வருவதற்கு முன்னமே அவர் டவுனில் தெரிந்த ஒருவர் மூலமாக முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பொலிஸ் இன்றைக்கு வந்து அவளிடம் வாக்குமூலம் எடுக்கப்போகிறது. போதகர் கெட்ட மனிதர் இல்லை. எளிய மக்களுக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். “ஒருத்தரும் கேக்காட்டி நாளைக்கு வீட்டையும் கொளுத்துவாங்கள்” என்றார். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த புட்டை இறக்கி வைத்துவிட்டு, “வரட்டும்” என்றாள்.

ஜீப் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதிகாரி சிங்களவர், நடுத்தர வயது. புழுதியிலும் வெயிலிலும் வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. அவருக்கு மொழிபெயர்க்க ஒரு இளம் கொன்ஸ்டபிள். பேச்சைக் கேட்டால் கிண்ணியாப் பக்கம் என்று சொல்லலாம். அக்கா வீட்டில் இருந்த ஒரே கதிரையை எடுத்து அதிகாரிக்குப் போட்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் தம்பி கையில் கோடாலியோடு நின்றார். உள்ளே போகவும் இல்லை, ஒளியவும் இல்லை. ஓடினால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்திருக்கவேண்டும்.

அதிகாரி சிங்களத்தில் கேட்க, கொன்ஸ்டபிள் தமிழில் கேட்டார். “அக்கா, நெருப்பு வைச்ச ஆளைத் தெரியுமா எண்டு கேக்கிறார்.”

“தெரியும்.”

கொன்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தினார். “ஆர்?”

“சொல்ல மாட்டன்.”

“அக்கா, அவர் கோவிக்கப் போறார். உங்களையும் ஏத்திப்போடுவார். தெரியாது எண்டு சொல்லிவிடுங்கோவன்.”

“தெரிஞ்சதைத் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்குத் தெரியும். நாங்கள் அதை மன்னிச்சு விட்டிட்டம். சொல்ல மாட்டன். இதை இப்பிடியே சொல்லுங்கோ தம்பி.”

அவளுடைய குரல் சாதாரணமாகவே உரத்தது. வளவு முழுக்கக் கேட்டது. கொன்ஸ்டபிள் அவளையும் பார்த்தார், வேலியையும் பார்த்தார், பிறகு அதிகாரியிடம் திரும்பி, “தன்னே நேலு, சேர்” என்றார்.

தெரியாதாம் என்று அர்த்தம். என் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். சிங்களக் குடும்பங்களோடு ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவள் நான். எனக்கு விளங்கியது. அங்கே நின்ற எங்கள் ஆட்களில் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

அதிகாரி நம்பவில்லை. இவ்வளவு நேரம் கதைத்தது அந்த இரண்டு சொல்தானா என்று கொன்ஸ்டபிளைப் பார்த்தார். பிறகு டவுன் உடுப்பில் நின்ற என்னைப் பார்த்து, சரிதானா என்று சிங்களத்திலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். எங்கள் ஊர்த் தலையாட்டலை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவர் தனக்கு வசதியான மாதிரி எடுத்துக்கொண்டார். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று போதகரை ஒரு முறை முறைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் போதகரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், “ஆண்டவர் அந்தப் பொடியனைப் பாவிச்சிருக்கிறார்” என்று பெருமூச்சு விட்டார். போதகரின் மனைவி அழுதுவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். அக்கா மட்டும் யோசனையோடு என்னிடம் வந்தாள்.

“தங்கச்சி, நான் இவ்வளவு கதைச்சன். அந்தப் பொலிஸ்காரத் தம்பி ரெண்டு சொல்லுத்தானே சொன்னவர். என்ன சொன்னவர்?”

நான் மழுப்பியிருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்து அது முடியவில்லை. “உங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னவர், அக்கா.”

“அப்ப நான் பொய் சொன்னதாப் போச்சு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒரு உயிர் தப்பியிருக்கு. இப்ப அதுவா முக்கியம்?”

“அவன் தப்பினது நல்லதுதான்,” என்றாள். “ஆனா நான் ஆரெண்டு தெரியாமல் விட்டதா அவன் நினைச்சா? இல்லாட்டிப் பயத்தில தெரியாது எண்டு சொன்னதா நினைச்சா? பிறகு நான் மன்னிச்சதுக்கு என்ன அர்த்தம் கிடக்கு?”

சொல்லிக்கொண்டே வேலியை நோக்கி நடந்தாள். நான் தடுக்கப் பார்த்தேன். அவளுடைய புருஷன் என் பக்கம் கையைக் காட்டி, “விடுங்கோ” என்றார். அந்த இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அது.

தம்பி கோடாலியைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். வேலி அடைத்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தெருவில் கண்டால் ‘வேதக்காரி’ என்று காறித் துப்புவாராம்.

“தம்பி,” என்றாள். அவர் திரும்பவில்லை. “பொலிசிட்ட நான் தெரியாது எண்டு சொல்லேல்லை. அந்தப் பொடியன்தான் மாத்திச் சொன்னவன். நீதான் வைச்சனீ எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாமல் விட்டனான்.”

அவர் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

“நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, மச்சாள்.”

அவ்வளவுதான். அண்ணன் பெண்சாதியை முறை சொல்லிக் கூப்பிட்டார். நான் ஏதாவது பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். வேலி பிரிபடவில்லை. கிணற்றுப் பக்கம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மத்தியானச் சோற்றுக்கு அக்கா மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள்.

புறப்படும்போது எல்லோரும் வட்டமாக நின்று பரமண்டல ஜெபம் சொன்னோம். அந்த வரி வந்தபோது அவளுடைய குரலைக் கவனித்தேன். அன்றைக்கு அவள் சொன்னாள், உரத்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் வாய் வரவில்லை. எனக்கும் மன்னிக்காத ஆட்கள் இருந்தார்கள். அதுவரை அதை நான் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். இப்போதும் சில நாட்களில் அப்படித்தான் சொல்லுகிறேன். திடப்படுத்தப் போனவர்கள் நாங்கள்.

அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்ததும் போதகர் பழக்கத்தில், “ஊழியப் பயணத்தின் சாட்சியைச் சகோதரி சொல்லுவா” என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் எழும்பிச் சபையைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். முகாமுக்கு மரக்கறி கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். கச்சேரியில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். மூதூரிலிருந்து வந்து தங்கியிருந்தவர்களும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு வாய் இன்னொரு வாயிடம் சொன்னால் ஜீப் திரும்பப் போவதற்கு எவ்வளவு நேரம்?

“எனக்குச் சாட்சி சொல்ல ஏலாது,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சபையில் ஒரே குசுகுசு. பயணம் பிழையாய்ப் போய்விட்டது, அந்த ஆட்கள் திரும்பவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்று கதை பரவியது. என் விசுவாசம் தளர்ந்துவிட்டதாக என் தாயாரிடமே வந்து துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. தபால் கந்தோர்க்காரர் நிலைமையைச் சமாளிக்க எழும்பிச் சைக்கிள் கதையைத் தொடங்கினார். அன்றைக்கு மட்டும் அதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

சண்டை முடிந்து காலம் போய்விட்டது. இப்போது இதை எழுதலாம் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். வாசித்த சிலர், ஊர்ப் பெயர் இல்லை, ஆட்களின் பெயர் இல்லை, நெருப்பு வைத்த அந்த மனிதர் யார் என்றாவது சொல்லக் கூடாதா என்று கேட்கிறார்கள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.